ஹார்ட் தீவு: நியூயார்க் நகரத்தின் பொது இடுகாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் நகரத்தில் ஒருவர் இறந்து, உடலை வாங்கிக்கொள்ள யாரும் வராமல் போனாலோ, வந்தவர்கள் கையில் காசில்லாமல் போனாலோ, அந்த உடல் படகில் ஏறி ஒரு சின்னத் தீவுக்குப் போகும். 1869 முதல் இதுதான் வழக்கம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். இத்தனை பேரைத் தாங்கிய நிலத்தை அந்த நகரத்திலேயே பல தலைமுறைகள் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தீவின் வரலாற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹார்ட் தீவு எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

பிராங்க்ஸ் பகுதியை ஒட்டி, லாங் ஐலண்ட் நீரிணையின் மேற்கு முனையில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய ஒரு மைல், அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தம் சுமார் 131 ஏக்கர். பக்கத்திலுள்ள சிட்டி ஐலண்ட் என்ற தீவிலிருந்து படகில் போக வேண்டும். பயணம் சில நிமிடம்தான். பாலம் கிடையாது.

அங்கே யாரையெல்லாம் புதைக்கிறார்கள்? எல்லோரும் அனாதைகளா?

இல்லை. முதலில் இதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் செய்தித்தாள்களில் "அனாதைப் பிணம்" என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தச் சொல் இந்தத் தீவுக்குப் பொருந்தவே பொருந்தாது. இங்கே கிடப்பவர்களில் ஏராளமானவர்களுக்குத் தாய், பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். சிலருக்கு அடக்கச் செலவைத் தாங்கும் வசதி இல்லை. சிலருடைய சொந்தங்கள் வேறு நாட்டில் இருந்தார்கள், சாவுச் செய்தி போய்ச் சேரவே இல்லை. சிலர் வீட்டோடு பேச்சை விட்டவர்கள். சிலருடைய வீட்டார் ஆஸ்பத்திரியில் யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதில் என்ன எழுதியிருந்தது என்பது வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. உண்மையிலேயே யாரென்று தெரியாதவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் ஒரு பகுதி மட்டுமே.

இந்த அடக்கத்துக்கு நகரம் யாரிடமும் காசு வாங்குவதில்லை. வரிப்பணத்தில் நடக்கிறது. அதனால்தான் இதைப் பொது இடுகாடு என்கிறோம். எந்த மதம், எந்த நிறம், எந்த நாடு என்று கேட்காமல் ஒரு நகரம் எல்லோருக்கும் இடம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அதை எப்படிக் கொடுத்தது என்பதில்தான் கேள்விகள் இருக்கின்றன.

இதைக் "குயவன் நிலம்" என்று ஏன் சொல்கிறார்கள்?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஏழைகளையும் ஊர் பேர் தெரியாதவர்களையும் புதைக்கும் இடத்துக்கு வெகுகாலமாக இருக்கும் பெயர் அது. பைபிளிலிருந்து வந்தது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் திருப்பிப் போட்ட முப்பது வெள்ளிக்காசை என்ன செய்வது என்று ஆசாரியர்கள் யோசித்து, அந்நியரை அடக்கம் பண்ணுவதற்காகக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள் என்று மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில் வருகிறது. களிமண் தோண்டிய நிலம் பயிருக்கு ஆகாது, ஏற்கெனவே பள்ளமும் கிடங்குமாக இருக்கும், விலையும் குறைவு. அதனால் அப்படி வாங்கினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. ஹார்ட் தீவின் அதிகாரப்பூர்வமான பெயர் "நகர இடுகாடு" என்பதுதான். இந்தக் கட்டுரையில் பொது இடுகாடு என்றே சொல்கிறேன்.

தீவை வாங்குவதற்கு முன் நகரம் எங்கே புதைத்தது?

இன்று மக்கள் உட்கார்ந்து காற்று வாங்கும் பூங்காக்களில். நான் மிகைப்படுத்தவில்லை.

மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் தொடங்கிய ஊர் வடக்கு நோக்கி வளர்ந்தது. பொது இடுகாடு எப்போதும் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதால் அதுவும் வடக்கே வடக்கே நகர்ந்தது. இன்றைய மேடிசன் சதுக்கம் இருக்கும் இடத்தில் 1794-ல் புதைக்கத் தொடங்கினார்கள். மூன்றே வருடத்தில், 1797-ல், இன்றைய வாஷிங்டன் சதுக்கத்துக்கு மாற்றினார்கள். அந்த நாட்களில் மஞ்சள் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து ஊரைக் காலி செய்துகொண்டிருந்தது. சாவுகள் குவிந்தன. 1825-ல் அந்த நிலத்தை மூடியபோது சுமார் 20,000 பேர் அதில் புதைக்கப்பட்டிருந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

அவர்களை எடுத்து வேறிடத்தில் வைத்தார்களா? இல்லை. மேலே மண்ணைச் சமப்படுத்தி ராணுவ அணிவகுப்புத் திடலாக்கினார்கள். அப்புறம் பூங்கா ஆனது. சுற்றிலும் செல்வந்தர்கள் வீடு கட்டினார்கள். இன்றும் அந்த எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. 2009-ல் பூங்காவைச் சீரமைக்கத் தோண்டியபோது 1799-ஆம் வருடத்துக் கல்லறைக் கல் ஒன்று முழுசாகக் கிடைத்தது.

அடுத்து, இன்றைய பிரையன்ட் பூங்கா இருக்கும் இடம், 1823-லிருந்து 1840 வரை. அதற்குப் பக்கத்திலேயே நகரத்தின் குடிநீர்த் தேக்கம் கட்டப்பட்டது. பிறகு கிழக்கு ஆற்றிலிருக்கும் தீவுகளுக்குப் போனார்கள். ஊர் துரத்தத் துரத்த இறந்தவர்கள் ஓடியதுபோல் இருக்கிறது இந்தக் கதை. ஒவ்வொரு முறையும் "இது ஊருக்கு வெளியே" என்று சொல்லித்தான் இடம் எடுத்தார்கள். இருபது முப்பது வருடத்தில் அது ஊரின் நடுவாகிவிட்டது. நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறிய நிலத்தில் ஏழைப் பிணத்துக்கு இடமில்லை.

கறுப்பின மக்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள்?

நகரத்தின் பழைய தேவாலயமான டிரினிட்டி 1697-ல் தன் இடுகாட்டில் கறுப்பினத்தவரைப் புதைக்கக் கூடாது என்று தடை போட்டது. அடிமைகளாக இருந்தவர்களும் விடுதலை பெற்றவர்களும் அன்றைய ஊர் எல்லைக்கு வெளியே ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தில் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். 1794 வரை அது பயன்பட்டது. பிறகு பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, மனை போட்டு விற்று, மேலே கட்டடம் எழுப்பிவிட்டார்கள். பெயர்கூட மறந்துபோனது.

1991-ல் மத்திய அரசின் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காக பிராட்வே தெருவில் தோண்டினார்கள். இருபதடிக்கும் கீழே எலும்புகள் தெரிந்தன. வேலையை நிறுத்தச் சொல்லி மக்கள் போராட வேண்டியிருந்தது. 419 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கி தலைமையில் ஆய்வு நடந்தது. குழந்தைகள் எவ்வளவு பேர், கடும் சுமை தூக்கியே எலும்பில் காயம் பட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்த ஆய்வு காட்டியது. மொத்தம் 15,000 பேர் அங்கே இருக்கலாம் என்பது கணிப்பு. 2003-ல் அந்த 419 பேரையும் மரியாதையோடு மறுபடி அதே இடத்தில் அடக்கம் செய்தார்கள். 2006-ல் அது தேசிய நினைவிடம் ஆனது.

இது ஹார்ட் தீவின் கதை இல்லைதான். ஆனாலும் இதைச் சொல்லாமல் அந்த ஊரின் இடுகாட்டு வரலாற்றைச் சொன்னால் பாதி சொன்னதுபோல் ஆகும். ஒரு நகரம் தன் இறந்தவர்களை எவ்வளவு சுலபமாக மறந்துவிட முடியும், எவ்வளவு சிரமப்பட்டு நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பது இங்கே தெரிகிறது.

ஹார்ட் தீவை நகரம் எப்போது வாங்கியது? முதலில் புதைக்கப்பட்டவர் யார்?

1868-ல், 75,000 டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் உள்நாட்டுப் போர்க் காலத்தில் கறுப்பின வீரர்களுக்கான பயிற்சி முகாம் அங்கே இருந்தது. 1865-ல் நான்கு மாதம் தென்மாநிலப் படையின் போர்க்கைதிகளை அடைத்து வைத்தார்கள். 3,413 பேரில் 235 பேர் அங்கேயே இறந்தார்கள்.

பொது இடுகாட்டில் முதல் அடக்கம் 1869 ஏப்ரலில் நடந்தது. லூயிசா வான் ஸ்லைக் என்ற 24 வயதுப் பெண். நகரத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அவருக்குப் பிறகு வந்த பத்து லட்சம் பேரில் பெரும்பாலானவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதைவிட இவரைப் பற்றி அதிகம் தெரியும். அதுவே இவ்வளவுதான்.

அங்கே இடுகாடு மட்டும்தான் இருந்ததா?

ஊருக்குள் வைத்துக்கொள்ளப் பிடிக்காத எல்லாவற்றையும் அங்கே அனுப்பினார்கள். மஞ்சள் காய்ச்சல் நோயாளிகள், மனநலம் குன்றிய பெண்கள், காசநோயாளிகள், சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்கள், சிறைக்கைதிகள் என்று அடுத்தடுத்து வந்தார்கள். 1955 முதல் 1961 வரை விமான எதிர்ப்பு ஏவுகணைத் தளம் ஒன்றும் இருந்தது. 1967-லிருந்து சில காலம் போதை மறுவாழ்வு மையம்.

நடுவில் ஒரு விதிவிலக்கு. 1920-களில் சாலமன் ரைலி என்ற கறுப்பினத் தொழிலதிபர் தீவின் தென்முனையில் நான்கு ஏக்கர் வாங்கி, பொழுதுபோக்குப் பூங்கா கட்டத் தொடங்கினார். மற்றப் பூங்காக்களில் கறுப்பினத்தவரை உள்ளே விடமாட்டார்கள், அதனால் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதி மக்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். வேலை பாதி நடந்திருந்தது. நகர நிர்வாகம் அதைத் தடுத்து நிலத்தையும் எடுத்துக்கொண்டது. சிறைக்குப் பக்கத்தில் பூங்கா கூடாது என்று காரணம் சொன்னார்கள்.

உடல்களை எப்படிப் புதைக்கிறார்கள்?

நீளமான குழி வெட்டுவார்கள். சாதாரண பைன் மரப்பெட்டி. பெரியவர்கள் என்றால் இரண்டு வரிசை, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. ஒரு குழியில் சுமார் 150 பேர் வரை. குழந்தைகளுக்குத் தனிக் குழி. பெட்டிகள் சின்னவை என்பதால் ஒரே குழியில் ஆயிரம் பேர் வரை அடங்கிவிடுவார்கள். பெட்டியின் மேல் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் எண். குழி நிரம்பியதும் மண்ணைத் தள்ளி மூடுவார்கள். ஆளுக்கு ஒரு கல் கிடையாது. இந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது என்று காட்ட வெள்ளைக் கம்பம் ஒன்று நிற்கும்.

1890 வாக்கில் ஜேக்கப் ரீஸ் என்ற செய்தியாளர் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. குழிக்குள் பெட்டிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன, உள்ளே சிலர் நின்று வேலை செய்கிறார்கள். நூறு வருடம் கழித்து எடுத்த படங்களிலும் ஏறக்குறைய அதே காட்சிதான்.

பொதுக் குழி என்றதும் பலருக்கு வயிற்றைப் பிசையும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் விவரங்களைப் படிக்கப் படிக்க வேறொன்று புரிந்தது. கண்டபடி கொட்டி மூடுவதில்லை. எந்தக் குழி, எத்தனையாவது வரிசை, எந்தப் பெட்டி என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். பிறகு யாராவது வந்து கேட்டால் அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஒழுங்கு. பத்துப் பேரோடு சேர்ந்து கிடப்பதில் அவமானம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டைத் தொலைப்பதும், வந்து பார்க்க விடாமல் கதவை மூடுவதும்தான் அவமானம். ஹார்ட் தீவில் இரண்டும் நடந்தன.

புதைத்த உடலை உறவினர்கள் திரும்ப வாங்க முடியுமா?

முடியும். பொதுவாக முதல் எட்டுப் பத்து வருடங்களுக்குள் கேட்டால் சாத்தியம். அதற்கு மேல் மரப்பெட்டி மண்ணோடு மண்ணாகிவிடும். ஒவ்வொரு வருடமும் இப்படிச் சிலர் தீவை விட்டு வெளியே வந்து சொந்த ஊர்க் கல்லறைக்குப் போகிறார்கள்.

சிறைக்கைதிகள்தான் புதைத்தார்களாமே?

ஆமாம். ஒன்றரை நூற்றாண்டுக்கு அதுதான் ஏற்பாடு. தீவு நகரத்தின் சிறைத் துறையிடம் இருந்தது. பிற்காலத்தில் ரைக்கர்ஸ் தீவுச் சிறையிலிருந்து கைதிகளைப் பேருந்திலும் படகிலும் கூட்டி வருவார்கள். கூலி மணிக்கு ஒரு டாலர் அல்லது அதற்கும் கீழே. அவர்களில் பலர் ஜாமீன் கட்ட வசதியில்லாமல் உள்ளே இருந்த ஏழைகள். வெளியே வீடில்லாமல் செத்திருந்தால் தாங்களும் இதே குழிக்குத்தான் வந்திருப்போம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை அடிமை வேலை என்று கண்டிப்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1948-ல் அங்கிருந்த கைதிகள் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 30 அடி உயரம். ஒரு பக்கம் சிலுவை, இன்னொரு பக்கம் "அமைதி" என்ற ஒற்றைச் சொல். இத்தனை பேர் புதைக்கப்பட்ட அந்த நிலத்தில் அவர்களுக்காக ஓர் அடையாளம் வேண்டும் என்று கை வைத்துக் கட்டியவர்கள், நகரத்தில் மிகக் கீழே வைக்கப்பட்டிருந்த அந்தக் கைதிகள்.

2020-ல் கைதிகளை இந்த வேலையில் ஈடுபடுத்துவது நின்றது. இப்போது ஒப்பந்தத் தொழிலாளர்கள் செய்கிறார்கள்.

1985-ல் தென்முனையில் தனியாகப் புதைக்கப்பட்டவர்கள் யார்?

எய்ட்ஸ் நோயால் இறந்த 17 பேர். அந்த வருடங்களில் பயம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், எய்ட்ஸில் இறந்தவரின் உடலைத் தொட மறுத்த ஈமச்சடங்கு நிறுவனங்கள் பல இருந்தன. மண்ணுக்கடியில் இருந்தும் நோய் பரவிவிடுமோ என்று நினைத்து, அந்த 17 பேரைத் தீவின் ஒதுக்குப்புறத்தில், ஆளுக்கொரு தனிக் குழியில், 14 அடி ஆழத்தில் வைத்தார்கள். இறந்த உடலிலிருந்து அப்படிப் பரவாது என்று தெரிந்த பிறகு மற்றவர்களோடு சேர்த்தே புதைத்தார்கள். அந்த நோய் உச்சத்தில் இருந்த வருடங்களில் இங்கே வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல யாரும் கணக்கு வைக்கவில்லை.

அந்த 17 பேரில் ஒரு குழந்தை. நகரத்தில் எய்ட்ஸால் இறந்த முதல் குழந்தை என்று சொல்லப்படுகிறது. அதன் குழிக்கு மட்டும் ஒரு சிறிய கல் இருக்கிறது. பெயர் இல்லை. "எஸ்சி-பி1 1985" என்று பொறித்திருக்கிறது. அந்த எழுத்துகளுக்கு "சிறப்புக் குழந்தை, குழந்தை 1" என்று பொருள். பயத்தினால் ஒதுக்கி வைத்ததால்தான், இத்தனை பெரிய தீவில் தனக்கென்று ஒரு கல் கிடைத்த ஒரே ஆள் அந்தக் குழந்தை.

குழந்தைகள் ஏன் இவ்வளவு அதிகம்?

செத்துப் பிறந்த குழந்தைகளும் பிறந்த சில நாளில் இறந்தவர்களும்தான் காரணம். பிரசவம் முடிந்து, குழந்தை இல்லை என்று கேட்ட அதிர்ச்சியில் படுத்திருக்கும் பெண்ணிடம் ஒரு படிவம் வரும். "நகர அடக்கம்" என்று அதில் இருக்கும். நகரமே ஒரு நல்ல கல்லறையில் வைத்துவிடும் என்று நினைத்துப் பல தாய்மார்கள் சம்மதித்தார்கள். எங்கே என்று பிறகு கேட்டபோது, போக முடியாத ஒரு தீவின் பெயர் கிடைத்தது. முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் சிலருக்கு இடமே தெரிந்தது. தீவின் கதவைத் திறக்க வைத்தவர்களில் இந்தத் தாய்மார்களுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

பெயர் தெரிந்த பிரபலங்கள் யாராவது அங்கே இருக்கிறார்களா?

இருவரைச் சொல்லலாம். நாவலாசிரியர் டான் பவல் 1965-ல் இறந்தார். உடலை மருத்துவ ஆய்வுக்கு எழுதி வைத்திருந்தார். ஆய்வு முடிந்து ஐந்து வருடம் கழித்து, எஞ்சியதை என்ன செய்வது என்று கேட்டபோது, அவருடைய உயில் பொறுப்பாளர் வாங்கிக்கொள்ளவில்லை. 1970-ல் ஹார்ட் தீவுக்குப் போனார். இன்று அவருடைய நாவல்களை மறுபடி அச்சிட்டுப் போற்றுகிறார்கள்.

இன்னொருவர் பாபி டிரிஸ்கல். வால்ட் டிஸ்னி படங்களில் நடித்த சிறுவன். சிறார்களுக்கான சிறப்பு ஆஸ்கர் விருது வாங்கியவர். வளர்ந்ததும் வாய்ப்பு போனது, போதை வந்தது. 1968-ல் பாழடைந்த கட்டடம் ஒன்றில் அவர் உடல் கிடந்தது. வயது 31. யாரென்று தெரியவில்லை, தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். மகனைத் தேடி அம்மா கேட்ட பிறகு, மறு வருடம்தான் கைரேகையை வைத்து அவர்தான் என்று கண்டுபிடித்தார்கள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

பதிவேடுகள் என்ன ஆயின?

பழைய பேரேடுகள் பல பத்திரமாக இருக்கின்றன. ஆனால் 1977-ல் தீவில் மூண்ட தீயில் ஒரு பகுதி எரிந்துவிட்டது. அந்த வருடங்களில் புதைக்கப்பட்டவர்கள் எங்கே என்று காட்ட இனி வழி இல்லை.

எஞ்சியவை வெளியே வந்ததற்கு மெலிண்டா ஹன்ட் என்ற கலைஞர் முக்கியக் காரணம். 1991-ல் புகைப்படக்காரர் ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்டோடு சேர்ந்து தீவைப் படம்பிடிக்கப் போனார். படம் எடுத்ததோடு நிற்கவில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அடக்கப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினார். பெயர்களைக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் தேடும்படி வைத்தார். ஹார்ட் ஐலண்ட் ப்ராஜெக்ட் என்று அதற்கென ஓர் அமைப்பே உருவானது. பிறகு நகர நிர்வாகமும் தன் பங்குக்கு இணையத்தில் தேடும் வசதி செய்தது. ஓர் அரசாங்கம் தானாகச் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு தனிமனுஷி முப்பது வருடம் விடாமல் செய்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

உறவினர்கள் எப்போதிலிருந்து போக முடிந்தது?

வெகுகாலம் அது சிறைத் துறையின் இடம் என்பதால் சிறைக்கான விதிகள்தான். அனுமதி கேட்டு, காத்திருந்து, அடையாள அட்டை காட்டி, கைபேசியை ஒப்படைத்துவிட்டுப் போனாலும் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் வரைதான். குழி அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. குழந்தையைப் பறிகொடுத்த தாய் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்ப வேண்டும்.

நியூயார்க் குடிமை உரிமைகள் சங்கம் உறவினர்கள் சார்பில் வழக்குப் போட்டது. 2015-ல் சமரசம் ஏற்பட்டு, அந்த வருடம் ஜூலை முதல் உறவினர்கள் குழி வரை போய் நிற்க முடிந்தது. அதுவும் மாதத்தில் ஒரு முறை. முதல் அடக்கத்திலிருந்து எண்ணினால் 146 வருடம்.

கொரோனா காலத்தில் என்ன நடந்தது?

2020 ஏப்ரலில் ட்ரோன் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் நீண்ட குழியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக வாரத்துக்கு 25 பேரைப் புதைத்த இடத்தில் ஒரே நாளில் அவ்வளவு பேரைப் புதைக்க வேண்டியிருந்தது. பிணவறைகள் நிரம்பி, குளிரூட்டிய லாரிகளை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த நாட்கள் அவை.

படத்தைப் பார்த்த பலர் கொரோனாவுக்காகப் புதிதாக ஒரு பிணக்குழி வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். தீவின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணிக்கைதான் ஏறியிருந்தது, முறை பழையது. உலகத்தின் கண்ணில் பட்டதுதான் புதுசு.

இப்போது தீவு யாரிடம் இருக்கிறது? மற்றவர்கள் போய்ப் பார்க்கலாமா?

2019 கடைசியில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2021 ஜூலை 1 முதல் தீவு நகரத்தின் பூங்காத் துறையிடம் இருக்கிறது. சிறையிலிருந்து பூங்காவுக்கு மாறியது வெறும் கோப்பு மாற்றம் இல்லை. சிறைக்காவலர் நின்ற இடத்தில் இப்போது வழிகாட்டி நிற்கிறார். உறவினர்கள் முன்கூட்டியே பதிந்துகொண்டு குழி வரை போகலாம், நாட்களும் கூடியிருக்கின்றன. இடிந்து கிடந்த பழைய கட்டடங்கள் பலவற்றை அகற்றிவிட்டார்கள். 2023 நவம்பரில் உறவினர் அல்லாதவர்களுக்கும் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு தொடங்கியது. கட்டணம் இல்லை. இடம் குறைவு என்பதால் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அடக்கமும் தொடர்ந்து நடக்கிறது.

தீவுக்கு ஆபத்து உண்டா?

கடல் அரிக்கிறது. 2012-ல் வந்த சாண்டி புயல் கரையை நன்றாகவே கரைத்துவிட்டது. 2018-ல் வடகரையில் எலும்புகள் வெளியே தெரிந்தன. நகரத்தின் தடயவியல் மானுடவியலாளர்கள் போய்ச் சேகரித்தார்கள். அதன் பிறகு மத்திய அரசின் பேரிடர் நிதியுதவியோடு கரையைக் கல் போட்டுப் பலப்படுத்தினார்கள். கடல் மட்டம் உயர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு முறை செய்து விட்டுவிடக்கூடிய வேலை இல்லை இது.

அங்கே புதைக்கப்பட்ட ஒருவரைத் தேடுவது எப்படி?

இறந்தவரின் பெயர், வயது, இறந்த இடம், ஏறக்குறைய எந்த வருடம் என்பவை தெரிந்தால் போதும். நகரத்தின் தேடுதளத்திலும் ஹார்ட் ஐலண்ட் ப்ராஜெக்டின் தளத்திலும் பார்க்கலாம். ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வேற்று நாட்டுப் பெயர்களை ஆஸ்பத்திரி எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருக்கும். செத்துப் பிறந்த குழந்தை என்றால் பெரும்பாலும் தாயின் குடும்பப் பெயரில்தான் இருக்கும்.

கிடைத்தால் திரையில் தெரிவது குழியின் எண், பெட்டியின் இடம், அடக்கத் தேதி. ப்ராஜெக்டின் தளத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மனிதர் யாரும் அறியாமல் கிடக்கும் வருடம், நாள், மணி, நிமிடத்தை அது எண்ணுகிறது. அவரை அறிந்த யாராவது ஒருவர் வந்து, இவர் இன்னார், இப்படி வாழ்ந்தார் என்று எழுதிச் சேர்த்தால் கடிகாரம் நின்றுவிடும்.